பூவை விட்டோம், சாதியை?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் வரலாறு படித்தவன் இல்லை. பி.காம். முடித்து, வங்கித் தேர்வு எழுதி, ஊர் ஊராக மாற்றலாகி இப்போது கொல்கத்தாவில் உட்கார்ந்திருக்கும் ஆள். எனக்குத் தெரிந்தது வரவு, செலவு, வாராக்கடன். அதனால் இந்தப் பதிவில் சரித்திரப் பேராசிரியர்கள் பிழை கண்டால் பொறுத்துக்கொள்ளவும். இது கொஞ்சம் நீளமான பதிவு. காபி போட்டுக்கொண்டு வந்து படியுங்கள்.

பிப்ரவரி மாதம் ஒரு ராத்திரி ஊரிலிருந்து பெரியப்பா போன் செய்தார். என் தங்கை மகள் சென்னையில் வேலை பார்க்கிறாள். கூட வேலை பார்க்கும் பையனைக் கல்யாணம் செய்துகொள்ள விரும்புகிறாள். பையன் நம்ம திருநெல்வேலிப் பக்கம்தான். சி.எஸ்.ஐ. சபைதான். பாடகர் குழுவில் பாடுகிறவன். குடிப்பழக்கம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோவிலுக்குப் போகிறவன். (எங்கள் ஊரில் சர்ச்சைக் கோவில் என்றுதான் சொல்வோம்.)

"பையன் நல்ல பையன்தான்ல. விசுவாசிதான். ஆனா நம்ம ஆளு இல்ல. நீ தாய்மாமன். நீ வரமாட்டேன்னு ஒரு வார்த்த சொன்னா போதும், உன் தங்கச்சி நிறுத்திருவா" என்றார்.

எங்கள் சாதி என்ன, அந்தப் பையன் சாதி என்ன என்று இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் பின்னூட்டங்கள் வேறு திசைக்குப் போய்விடும். அவர்களை எங்கள் ஆட்கள் தங்களுக்குக் கீழே என்று நினைக்கிறார்கள், அவ்வளவு போதும்.

"யோசிச்சுச் சொல்றேன் பெரியப்பா" என்று வைத்துவிட்டேன். நேராகப் பதில் சொல்லத் தைரியம் இல்லாதவன் சொல்கிற பதில் அது. லோன் கேட்டு வருகிறவர்களிடம் நான் சொல்கிற பதிலும் அதுதான்.

இரண்டு பிஷப்புகள், ஒரே கோவில்

அடுத்த நாள் இரண்டாவது சனிக்கிழமை, வங்கி விடுமுறை. மனசு சரியில்லாமல் நடந்து, செயின்ட் பால்ஸ் கதீட்ரலுக்குள் போய் உட்கார்ந்தேன். விக்டோரியா நினைவு மண்டபத்துக்குப் பக்கத்தில், பிர்லா கோளரங்கத்தை ஒட்டி இருக்கிறது. கொல்கத்தா சுற்றிப்பார்க்க வரும் நம் ஆட்கள் எல்லோரும் வெளியே நின்று போட்டோ எடுத்துக்கொண்டு போவார்கள். உள்ளே இரண்டு பேர் இருக்கிறார்கள். இருவருக்கும் நம் தஞ்சாவூரோடு தொடர்பு உண்டு.

ஒருவர் பிஷப் ஹீபர். மண்டியிட்டிருக்கும் பளிங்குச் சிலையாக இருக்கிறார். 1826ஆம் ஆண்டு ஈஸ்டருக்குத் தஞ்சாவூர் வந்து பிரசங்கம் செய்தவர். அங்கிருந்து திருச்சிக்குப் போய், ஏப்ரல் 3ஆம் தேதி குளிக்கப் போன இடத்தில் இறந்து போனார். அப்போது வயது 42தான்.

இன்னொருவர் டேனியல் வில்சன். 1832 முதல் 1858ல் சாகும் வரை கல்கத்தா பிஷப். இந்தக் கதீட்ரலைக் கட்டியவரே அவர்தான். 1847ல் பிரதிஷ்டை செய்தார். இங்கேயேதான் அடக்கமும் செய்யப்பட்டிருக்கிறார். லண்டனில் பட்டு வியாபாரக் குடும்பத்தில் பிறந்து, சின்ன வயதில் மாமா கடையில் தொழில் பழகியவர்.

அந்தக் காலத்தில் கல்கத்தா பிஷப் என்றால் நம் ஊர் ஆங்கிலச் சபைகளுக்கும் அவர்தான் மேலதிகாரி. சென்னைக்கென்று தனி பிஷப் 1835ல்தான் வந்தார். அதனால் தஞ்சாவூர்க் கோவிலில் யார் எங்கே உட்காருவது என்ற சண்டை மாட்டுவண்டியும் கப்பலும் ஏறிக் கல்கத்தாவரைக்கும் வந்தது. ஹீபர் ஒரு மாதிரி சொன்னார், வில்சன் வேறு மாதிரி சொன்னார். அந்தச் சண்டையைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

சரபோஜியின் தோழர்

தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் என்றால் நம் வீடுகளில் தெரியாதவர்கள் இருக்க முடியாது. இன்றைக்கும் கோவிலில் நாம் பாடும் கீர்த்தனைகளில் பல அவருடையவை. 1774ல் திருநெல்வேலியில் ஒரு வெள்ளாளக் குடும்பத்தில் பிறந்தார். பன்னிரண்டு வயது வாக்கில் சுவார்ட்ஸ் ஐயர் அவரைத் தஞ்சாவூருக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் படிக்க வைத்தார். சுவார்ட்ஸ் ஜெர்மன் தேசத்துப் பாதிரியார். அவரிடமே வளர்ந்த இன்னொரு பையன் பிற்காலத்தில் தஞ்சாவூர் ராஜாவான இரண்டாம் சரபோஜி. ராஜாவும் கவிராயரும் சிறு வயதுத் தோழர்கள்.

சாஸ்திரியார் 1800ல் பெத்லகேம் குறவஞ்சி எழுதினார். நம் குறவஞ்சி நாடகத்தில் என்னென்ன உண்டோ அத்தனையும் அதில் உண்டு. குறத்தி வருவாள், குறி சொல்வாள், தலைவனாக இயேசு இருப்பார். கோபர்நிக்கஸ் சொன்ன வானசாஸ்திரம்கூட உண்டு. கிறிஸ்தவனாவதற்காகத் தமிழனாக இருப்பதை விட வேண்டியதில்லை என்பதை அவர் வாதம் செய்து நிரூபிக்கவில்லை, பாடிக் காட்டிவிட்டார்.

சுவார்ட்ஸ் 1798ல் இறந்தார். பிறகு காலம் மாறியது. தஞ்சாவூர் மிஷனில் ஊழியம் செய்தவர்கள் ஜெர்மானிய லுத்தரன் பாதிரிமார்கள், பணம் வந்தது இங்கிலாந்திலிருந்து. 1820களில் நிர்வாகமும் இங்கிலாந்துச் சங்கத்தின் கைக்குப் போனது. புதிய பாதிரிமார்கள் வந்தார்கள். இங்கிலாந்திலும் ஜெர்மனியிலும் அப்போது வீசிய எழுப்புதல் காற்றில் வளர்ந்தவர்கள் பலர். ஞானஸ்நானம் வாங்கினால் மட்டும் போதாது, மனந்திரும்ப வேண்டும், பாவத்தை அடையாளம் கண்டு விட வேண்டும், விட்டது வாழ்க்கையில் வெளியே தெரிய வேண்டும் என்பது அவர்கள் நம்பிக்கை. இவாஞ்சலிக்கல் என்று சொல்கிறோமே, அதன் சாரம் இதுதான். நம்மில் பலர் கன்வென்ஷன் கூட்டங்களில் கேட்டு வளர்ந்த செய்தியும் இதுவே.

நல்ல செய்திதான். ஆனால் எது பாவம் என்று யார் பட்டியல் போடுவது? அங்கேதான் சண்டை ஆரம்பித்தது.

நான்கு குறைகள்

புதிய பாதிரிமார்கள் தஞ்சாவூரில் செய்தவை என்று சாஸ்திரியார் நான்கு குறைகளைச் சொல்லிச் சண்டை போட்டார்.

ஒன்று, பழக்கமான வேதபுத்தகத்தை மாற்றியது. ஃபப்ரீஷியஸ் மொழிபெயர்ப்பு சபையாருக்கு மனப்பாடம். அதன் புதிய ஏற்பாடு 1772ல் வந்தது. அதைத் திருத்தி வேறு மொழிபெயர்ப்பைக் கொண்டுவந்தார்கள்.

இரண்டு, கல்யாணத்திலும் விசேஷங்களிலும் பூ வைக்கக் கூடாது, மாலை போடக் கூடாது என்றது.

மூன்று, ஆராதனையில் தமிழ் இசையை, கீர்த்தனைகளைத் தடுத்தது.

நான்கு, கோவிலில் எல்லாச் சாதியாரும் கலந்து உட்கார வேண்டும், நற்கருணையில் கலந்து பங்கெடுக்க வேண்டும் என்றது.

முதல் மூன்றைப் படிக்கும்போது நான் முழுக்க சாஸ்திரியார் கட்சி. பூ கடவுள் படைத்தது, அதில் என்ன பாவம் இருக்கிறது? ஐரோப்பிய ராகத்தில் பாடினால் பக்தி, நம் ராகத்தில் பாடினால் அஞ்ஞானமா?

நான்காவதற்கு வந்ததும் தடுக்கிவிட்டது. ஏனென்றால் சாஸ்திரியார் நான்கையும் ஒரே மூட்டையாகத்தான் கட்டினார். பூவும் ராகமும் எப்படி நம் வழக்கமோ, அப்படித்தான் வெள்ளாளர் ஒரு பக்கம், பறையர் ஒரு பக்கம் உட்காருவதும் நம் வழக்கம் என்றார். சாதி ஆசாரத்துக்கு ஆதரவாகவே 1829ல் எழுதினார். அதே ஆண்டு மிஷன் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். சரபோஜி ராஜா கைவிடவில்லை, அரண்மனையில் புலவராக வைத்துச் சம்பளம் கொடுத்தார்.

என் பாட்டி காலத்திலிருந்து நாங்கள் பாடிக்கொண்டிருக்கும் பாட்டுகளை எழுதியவர், பக்கத்தில் ஒருவன் உட்காருவதற்கு மறுப்பு எழுதியவர் என்பதை ஏற்றுக்கொள்ள எனக்குக் கொஞ்ச நாள் ஆனது.

பாத்திரத்தை யார் முதலில் வாங்குவது?

அன்றைய கோவில்களில் என்னதான் நடந்தது? வில்சனின் வாழ்க்கை வரலாற்றில் விவரம் இருக்கிறது. ஒரு சாதிக்கு ஒரு வாசல், இன்னொரு சாதிக்கு இன்னொரு வாசல். உட்காருவது வேறு வேறு பக்கம். நற்கருணைக்கு முதலில் உயர்ந்த சாதி என்று சொல்லிக்கொண்டவர்கள், அவர்கள் முடித்த பிறகு மற்றவர்கள். ஒரு காலத்தில் பாத்திரமே வேறு வேறாக இருந்திருக்கிறது. ஒரே பாத்திரம் என்று ஆன பிறகும், அடுத்த கூட்டம் வருவதற்குள் உபதேசியாரிடம் சொல்லிப் பாத்திரத்தை மாற்றிக்கொண்டதும் உண்டு. ஞானஸ்நானத்துக்குத் தாழ்ந்த சாதிக்காரர் சாட்சியாக நிற்கக் கூடாது. கல்லறைத் தோட்டத்திலும் தனித்தனி இடம்.

பழைய மிஷனரிமார்கள் இதை விரும்பினார்கள் என்று சொல்ல முடியாது. வேதத்தைக் கற்றுக்கொடுத்தால் காலப்போக்கில் தானாகவே போய்விடும் என்று நம்பினார்கள். தரங்கம்பாடியில் சீகன்பால்கு இறங்கியது 1706. நூறு வருஷத்துக்கு மேல் ஆகியும் போகவில்லை. வங்கியில் இதை நாங்கள் தினமும் பார்க்கிறோம். கேட்காமல் விட்ட கடன் தானாக அடைந்ததே இல்லை.

ஹீபர் மென்மையான மனிதர். சாதியை நம் ஊர் அந்தஸ்து வித்தியாசம் மாதிரி என்று நினைத்தார், விசாரிக்கலாம், அவசரப்பட வேண்டாம் என்றார். அவர் எண்ணத்துக்கும் ஒரு காரணம் இருந்தது. அன்றைய இங்கிலாந்துக் கோவில்களில் பணக்காரர்கள் வாடகை கட்டித் தனி இருக்கை வைத்திருந்தார்கள். ஏழைகளுக்கு மிச்ச இடம். அந்த ஊர் ஆட்கள் நமக்குச் சமத்துவம் சொல்ல வந்தால் கோபம் வருவது இயல்புதான்.

வில்சன் அப்படி விடவில்லை. 1833 ஜூலை மாதம் மிஷனரிகளுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். சபைக்குள் சாதி வித்தியாசம் கைவிடப்பட வேண்டும், தயக்கமில்லாமல், உடனடியாக, முடிவாக. சாரம் இதுதான். சுவிசேஷம் இப்படிப்பட்ட வித்தியாசங்களை ஏற்பதில்லை என்பதுதான் அவருக்கு அடிப்படை. வில்சன், வில்பர்ஃபோர்ஸ் வட்டத்தைச் சேர்ந்தவர். அதே ஜூலை மாதக் கடைசியில் வில்பர்ஃபோர்ஸ் இறந்தார். ஆகஸ்டில் பிரிட்டிஷ் ஆட்சியில் அடிமை ஒழிப்புச் சட்டம் நிறைவேறியது. அந்தக் காற்றில் வந்த கடிதம் அது.

என்ன நடந்தது? வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் திருச்சியிலும் ஆட்கள் கூட்டமாகக் கோவிலை விட்டு வெளியேறினார்கள். 1835 தொடக்கத்தில் வில்சனே நேரில் வந்தார். அந்தப் பயணத்தில், சாதி பார்க்காமல், வெள்ளைக்காரர் உட்பட எல்லோரும் மாறி மாறி வந்து ஒரே பாத்திரத்தில் பங்கெடுக்கும்படி செய்தார். சிலர் திரும்பி வந்தார்கள். பலர் வரவில்லை.

வராதவர்களில் பலருக்குப் பிற்பாடு லுத்தரன் சபை இடம் கொடுத்தது. லைப்சிக் மிஷன் இந்த விஷயத்தில் விட்டுக்கொடுத்துப் போனது. அந்த மிஷனின் இயக்குநர் கார்ல் கிரவுல் தமிழ் படித்தவர். திருக்குறளை ஜெர்மன் மொழியில் பெயர்த்து 1856ல் வெளியிட்டவர். சாதியில் சமூக ஒழுங்கும் கலந்திருக்கிறது, ஒரே அடியாக வெட்டக் கூடாது என்பது அவர் கட்சி. பிறப்பைப் பற்றி வள்ளுவர் என்ன சொன்னார் என்பது உங்களுக்கே தெரியும். அதை மொழிபெயர்த்த கை அது.

பேசாமல் போனவர்கள்

இவ்வளவு நேரமும் யார் யார் பேசினார்கள் என்று பாருங்கள். ஜெர்மானியர், இங்கிலாந்துக்காரர், வெள்ளாளப் புலவர். கடைசியாகப் பாத்திரம் வாங்கியவர்கள் என்ன சொன்னார்கள்? நமக்குக் கிடைத்த ஏடுகளில் அவர்கள் குரல் அபூர்வம்.

ஒரே ஒரு ஆளைச் சொல்கிறேன். நாஞ்சில் நாட்டில் மயிலாடியைச் சேர்ந்த மகராசன். இன்று தலித் என்று சொல்கிறோமே, அந்தச் சமூகத்தில் பிறந்தவர். சிதம்பரத்துக்கு யாத்திரை போனவர், தஞ்சாவூரில் உறவினர் வழியாகக் கிறிஸ்தவத்தைக் கேள்விப்பட்டு, அங்கேயே ஞானஸ்நானம் பெற்று வேதமாணிக்கம் ஆனார். ஊர் திரும்பிச் சும்மா இருக்கவில்லை. எங்கள் ஊருக்கு ஒரு மிஷனரி வேண்டும் என்று திரும்பத் திரும்பக் கேட்டார். 1806ல் ரிங்கல்தௌபே மயிலாடிக்கு வந்தது அப்படித்தான். தென் திருவிதாங்கூர் சபைகளின் தொடக்கம் அது. இன்றைக்குக் கன்னியாகுமரி மாவட்டத்தில் எத்தனை கோவில்கள், பள்ளிகள், ஆஸ்பத்திரிகள்!

தஞ்சாவூர்க் கோவிலில் வேதமாணிக்கம் எந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பார், எத்தனையாவதாகப் பாத்திரம் வாங்கியிருப்பார் என்று யோசித்துப் பார்த்தேன். அதற்கு மேல் சாஸ்திரியாரின் நான்காவது குறைக்கு என்னால் வக்காலத்து வாங்க முடியவில்லை.

திருநெல்வேலியில் நாம்

தஞ்சாவூர் சண்டை நமக்கென்ன என்று திருநெல்வேலிக்காரர்கள் கேட்கலாம். நம் பக்கமும் இதே கதைதான். 1820ல் பாளையங்கோட்டைக்கு வந்த ரேனியஸ், பள்ளிப் பிள்ளைகள் எல்லாச் சாதியாரும் சேர்ந்து சாப்பிட வேண்டும் என்றார். பெற்றோர்கள் தகராறு செய்தார்கள். தமிழை நன்றாகக் கற்று இலக்கணமே எழுதிய மனிதர். ஞானஸ்நானம் வாங்கியதற்காக அடிபட்டு விரட்டப்பட்டவர்களுக்குத் தனி ஊர்கள் உண்டாக்கியதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. டோனாவூர் என்ற பெயரே, பணம் அனுப்பிய ஜெர்மன் பிரபு டோனாவின் பெயர்தான்.

அந்த ஊர்கள் நம் குடும்பங்களுக்குப் படிப்பைக் கொடுத்தன. பெண்பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப வைத்தன. நானும் நீங்களும் இன்று கொல்கத்தாவிலும் மும்பையிலும் டெல்லியிலும் உட்கார்ந்து சம்பளம் வாங்குவதற்கு அந்தத் திண்ணைப் பள்ளிகளில் தொடங்கிய படிப்பு ஒரு காரணம். நன்றி மறக்கக் கூடாது.

ஆனால் ஒன்று கவனித்தேன். புறப்பட்ட நம்பிக்கையில் இரண்டு கட்டளைகள் சேர்ந்து வந்தன. அலங்காரத்தை விடு, சாதியை விடு. நம் வீடுகள் முதலாவதை எடுத்துக்கொண்டன. எங்கள் பக்கம் எத்தனையோ வீடுகளில் பொட்டு கிடையாது, பூ கிடையாது, சிலர் நகையே போடுவதில்லை. அதையே சாட்சி என்றும் சொல்லிக்கொள்கிறோம். இரண்டாவது கட்டளை வந்தபோது மட்டும், இது கலாச்சாரம், இது குடும்ப விஷயம், இதில் வேதத்தை இழுக்காதே என்று சாஸ்திரியார் கட்சியில் போய்ச் சேர்ந்துகொள்கிறோம். வங்கி பாஷையில் சொன்னால் வட்டியை ஒழுங்காகக் கட்டுகிறோம். அசலில் ஒரு பைசா குறையவில்லை.

கோவிலில் இன்று சேர்ந்து உட்காருகிறோம். ஒரே பாத்திரத்தில் வாங்குகிறோம். அது பெரிய மாற்றம், இல்லை என்று சொல்லவில்லை. கல்யாண விளம்பரத்தில் மட்டும் சபைக்குப் பக்கத்தில் சாதியையும் அச்சடிக்கிறோம்.

மதுரையில் நடந்தது

கதை இத்தோடு முடிந்திருந்தால் எனக்கு ஆறுதலே இருந்திருக்காது. நல்லவேளை, மதுரை இருக்கிறது.

மதுரையில் அமெரிக்க மிஷன். சாதி விஷயத்தில் எல்லாரையும்விடக் கறாரானவர்கள் அவர்கள்தான். 1847ல், சாதியை நடைமுறையில் விடாதவர் சபை அங்கத்தினராக இருக்க முடியாது என்று தீர்மானம் போட்டார்கள். வாயால் சொன்னால் போதாது, எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிட்டுக் காட்ட வேண்டும். அதனால் அங்கத்தினர்களை இழந்தார்கள். இழந்தாலும் பின்வாங்கவில்லை.

அதே மிஷனில் எட்வர்ட் வெப் என்று ஒரு பாதிரியார். தமிழ் ஆட்கள் ஐரோப்பிய ராகத்தில் இழுத்து இழுத்துப் பாடுவதைக் கேட்டு, இது இவர்கள் பாட்டு இல்லை என்று புரிந்துகொண்டவர். தமிழ் இசையில் அமைந்த கீர்த்தனைகளைத் திரட்டி 1853ல் கோவிலில் பாடுவதற்கென்று புத்தகமாகப் போட்டார். அதில் முக்கியமான இடம் யாருடைய பாட்டுகளுக்கு? வேலையிலிருந்து நீக்கப்பட்ட அதே தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் பாட்டுகளுக்கு. அப்போது சாஸ்திரியார் உயிரோடு இருந்தார், வயது எண்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. 1864ல்தான் இறந்தார்.

இதைப் படித்தபோது எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. சாஸ்திரியார் நான்கையும் ஒன்றாகக் கட்டினார். தஞ்சாவூரின் புதிய பாதிரிமார்கள் நான்கையும் ஒன்றாகத் தூக்கி வெளியே போட்டார்கள். மதுரைக்காரர்கள் மூட்டையை அவிழ்த்துப் பார்த்தார்கள். ராகத்தை உள்ளே எடுத்துக்கொண்டார்கள். சாதியை வெளியே வைத்தார்கள்.

பூ வைத்தால் பக்கத்தில் இருப்பவன் யாரும் தாழ்ந்து போவதில்லை. பாட்டில் யாரும் தாழ்ந்து போவதில்லை. சாதியில் ஒருவன் தாழ்ந்தால்தான் இன்னொருவன் உயர முடியும். இது கலாச்சாரமா பாவமா என்று குழப்பம் வந்தால் நான் இனி வைத்துக்கொள்ளப் போகிற அளவுகோல் இதுதான். இறையியல் படித்தவர்கள் இன்னும் நன்றாகச் சொல்வார்கள்.

எங்கள் வீட்டில்

அம்மா என்னோடுதான் இருக்கிறாள். இளவயதில் ஒரு கன்வென்ஷன் கூட்டத்தில் தொடப்பட்டு அன்றிலிருந்து பூ வைப்பதை விட்டவள். என் மனைவி தஞ்சாவூர்ப் பக்கம், லுத்தரன் குடும்பம். கல்யாணமாகி வந்த புதிதில் தலை நிறைய மல்லிகை வைத்துக்கொண்டு கோவிலுக்குக் கிளம்பியபோது அம்மா முகம் போன போக்கு இன்னும் நினைவிருக்கிறது. இருபது வருஷத்தில் அது பழகிவிட்டது. இப்போது லேக் மார்க்கெட்டில் நல்ல பூ வந்திருந்தால் அம்மாவே மருமகளுக்குச் சொல்லி அனுப்புகிறாள். தான் மட்டும் வைப்பதில்லை.

அன்று ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு அம்மாவிடம் இந்தக் கதை முழுவதையும் சொன்னேன். சாஸ்திரியார், வில்சன், பாத்திரம், மயிலாடி, மதுரை எல்லாம். பேத்தி விஷயம் அவளுக்கும் தெரியும். ஒரு வாரமாக அதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

எல்லாம் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "பூ வைக்காதன்னு பிரசங்கத்துல சொன்னாங்க, விட்டேன். இத யாரும் எங்கிட்ட பிரசங்கத்துல சொல்லலியேப்பா."

"நூத்தித் தொண்ணூறு வருஷத்துக்கு முன்னாடியே சொல்லிட்டாங்கம்மா" என்றேன்.

பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அந்தப் பையன் என்ன பாடுவான், டெனரா?" என்று கேட்டாள். அப்பா எங்கள் ஊர்ப் பாடகர் குழுவில் டெனர். தெரியவில்லை, கேட்டுச் சொல்கிறேன் என்றேன். எழுந்து படுக்கப் போய்விட்டாள்.

மறுநாள் காலையில் பெரியப்பாவுக்கு நானே போன் செய்தேன். அப்பா போன பிறகு என் படிப்புக்குப் பணம் கட்டியவர் அவர். அவரிடம் இதைச் சொல்வது லேசான காரியமாக இல்லை. "பெரியப்பா, நான் தாய்மாமனா வந்து முன்னால நிப்பேன். நீங்களும் வரணும். உங்க கையால ஆசீர்வாதம் வாங்கணும்னு அவளுக்கு ஆச" என்றேன். மறுமுனையில் சத்தமே இல்லை. பிறகு போனை வைத்துவிட்டார். அதற்குப் பிறகு மூன்று முறை கூப்பிட்டுவிட்டேன். எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் கூப்பிடுவேன்.

கல்யாணம் மே மாதம், சென்னையில். மனைவி முதல் வேலையாகப் பூவுக்குச் சொல்லியாகிவிட்டது. ரயில் டிக்கெட் போட்டாயிற்று, அம்மாவுக்கும் சேர்த்து. வருகிறேன் என்று அவள் இன்னும் சொல்லவில்லை. வரவில்லை என்றும் சொல்லவில்லை. கேன்சல் செய்தால் பணம் பிடிப்பார்கள் என்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறேன் :-)

வெளியூரில் இருக்கும் நம் குடும்பங்களில் பிள்ளைகள் கல்யாண வயதுக்கு வந்துகொண்டிருக்கிறார்கள். இந்தப் போன் உங்களுக்கும் ஒரு நாள் வரும், அல்லது ஏற்கெனவே வந்திருக்கும். நீங்கள் என்ன சொன்னீர்கள்? பின்னூட்டத்தில் எழுதுங்கள். சாதிப் பெயர் மட்டும் வேண்டாம்.